டிரெய்லர் இழுக்க எந்த ஹிட்ச் வாங்கலாம்? கடைக்கு முன் எடை மேடைக்குப் போங்கள்!

அமெரிக்காவில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நெடுஞ்சாலைகளில் வீடுகளே நகர ஆரம்பித்துவிடும். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லப்படும் 'டிராவல் டிரெய்லர்'கள்தான் அவை. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. 2021-ம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இருந்து 6 லட்சம் ஆர்வி வண்டிகள் விற்பனைக்குப் போயின. அவற்றில் பெரும்பங்கு இப்படி இழுத்துச் செல்லும் வகைதான்.

அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த ஆசை வரத்தான் செய்கிறது. கிராண்ட் கேன்யன் போகலாம், யெல்லோஸ்டோன் போகலாம், நம்ம சாப்பாட்டை நாமே சமைத்துக்கொள்ளலாம், கோடைக்கு ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையும் கூட்டிப் போகலாம். டிரக் ஏற்கெனவே இருக்கிறது, டிரெய்லரும் தவணையில் கிடைக்கிறது. அப்புறம் என்ன?

அப்புறம்தான் முக்கியமான ஒரு பொருள் வருகிறது: டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்'. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் இணைப்பு என்று சொல்லலாம். பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள டிரெய்லரைப் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள்கூட, இந்த இரும்புச் சாமானைக் கடைக்காரர் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. 'எந்த பிராண்ட் நல்லது?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: 'என் வண்டியின் உண்மையான எடை எவ்வளவு?'

முன்பாரம்: வண்டிக்காரருக்குத் தெரிந்த கணக்கு

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிப் பழகியவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு இறுகும். இரண்டுமே ஆபத்து. முன்பக்கம் கொஞ்சம் பாரம் தங்கும்படி ஏற்றுவதில்தான் வண்டிக்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது.

டிராவல் டிரெய்லரும் அப்படித்தான். அதன் முன்முனை, டிரக்கின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தின் மேல் உட்காரும். அந்த இடத்தில் கீழ்நோக்கி அழுத்தும் எடையை அமெரிக்கர்கள் 'டங் வெயிட்' என்கிறார்கள். நம்ம ஊர்ச் சொல்லில் முன்பாரம். சாமான் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி.

இதற்குக் குறைந்தால் டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். 'ஸ்வே' என்று சொல்லப்படும் ஆட்டம் இது. குறைந்த வேகத்தில் தானாக அடங்கிவிடும். வேகம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் அடங்காது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் டிரக்கையும் சேர்த்துப் புரட்டிவிடும். பக்கத்தில் பெரிய லாரி வேகமாகக் கடந்து போவதும், பாலத்தின் மேல் அடிக்கும் பக்கவாட்டுக் காற்றும் இந்த ஆட்டத்தைத் தொடங்கிவைக்கப் போதும்.

அப்படியானால் முன்பாரத்தை அதிகமாகவே வைத்துவிடலாமே? அதிலும் சிக்கல் இருக்கிறது. இரும்புப் பந்து டிரக்கின் பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பாரம் ஏறினால் டிரக்கின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் மேலே எழும்பும். சீ-சா பலகையில் ஒருபக்கம் பெரிய ஆள் உட்கார்ந்த கதைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். டிரக்கின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 12 அடி. பின் அச்சில் இருந்து இரும்புப் பந்து வரை 5 அடி. முன்பாரம் 900 பவுண்டு, அதாவது சுமார் 408 கிலோ. இப்போது முன் அச்சில் இருந்து 375 பவுண்டு காணாமல் போய்விடும். பின் அச்சின் மேல் 900 அல்ல, 1,275 பவுண்டு கூடுதலாக ஏறும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் சக்கரங்களும், பிரேக் வேலையில் பெரும்பங்கைச் செய்யும் சக்கரங்களும் முன்னால்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் எடை குறைந்தால் தரைப்பிடிப்பும் குறையும். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இந்த ஹிட்ச் என்னதான் செய்கிறது?

கட்டட வேலையில் கலவை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கினால் பாரம் முன்சக்கரத்துக்குப் போகும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சிலும் அதே நெம்புகோல் தத்துவம்தான். ஹிட்ச் தலையில் இருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் டிரெய்லரின் முன்சட்டத்துக்கு அடியில் நீண்டிருக்கும். அவற்றை வளைத்து இழுத்து மாட்டும்போது, டிரக்கின் பின் அச்சில் குவிந்த எடையில் ஒரு பகுதி முன் அச்சுக்கும், இன்னொரு பகுதி டிரெய்லரின் அச்சுகளுக்கும் போய்ச் சேரும். டிரக் மறுபடி ஏறக்குறைய மட்டமாக நிற்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஹிட்ச் எடையை இடம் மாற்றுகிறது, குறைப்பதில்லை. டிரக்கின் அனுமதிக்கப்பட்ட வரம்பில் ஒரு பவுண்டைக்கூட இது கூட்டாது. 'நல்ல ஹிட்ச் போட்டாச்சு, இனி எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்' என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

'11,000 பவுண்டு இழுக்கும்' என்ற மயக்கம்

டிரக் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது இழுக்கும் திறன். இதை அளப்பதற்கு எஸ்ஏஇ ஜே2807 என்ற தர அளவுகோல் இருக்கிறது. 2011 மாடல் வண்டிகளுக்கு டொயோட்டா முதலில் இதைப் பின்பற்ற, மற்ற நிறுவனங்கள் பின்னால் வந்தன. அரிசோனாவின் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள நீண்ட ஏற்றத்தில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, குறைந்தபட்ச வேகம் குறையாமல் ஏற வேண்டும் என்பது அந்தச் சோதனையில் ஒன்று. கடுமையான சோதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் டிரக்குக்குள் இருப்பவர்கள் தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர். பிள்ளைகள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, சைக்கிள் இல்லை, குக்கர் இல்லை.

ஒரு குடும்பத்துக்கு முதலில் முட்டுக்கட்டையாக நிற்கும் எண் வேறு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடையைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பேலோடு என்பது அதுதான். ஒரே மாடல் டிரக்காக இருந்தாலும், கூடுதல் வசதிகள் ஏற ஏற இந்த எண் குறையும். அதனால் விளம்பரத்தை நம்பாமல் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். டிரெய்லரின் முன்பாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஓர் உதாரணம். ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு. டிரெய்லர் விளம்பரத்தில் முன்பாரம் 650 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 500. டிரக்கின் பின்தொட்டியில் 200 பவுண்டு சாமான். மொத்தம் 1,350. 'தாராளமா போகலாம்' என்று தோன்றும்.

ஆனால் விளம்பரத்தில் இருக்கும் 650 என்பது காலி டிரெய்லரின் கணக்கு. பல நேரம் முன்முனையில் உட்காரும் கேஸ் சிலிண்டர்களும் பேட்டரியும்கூட அதில் இருக்காது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால், 40 கேலனுக்கே 334 பவுண்டு கூடிவிடும். பாத்திரம், படுக்கை, மடக்கு நாற்காலி, அரிசி, பருப்பு என எல்லாம் ஏற்றியபின் டிரெய்லர் 7,000 பவுண்டு வந்தால், முன்பாரம் 13 சதவீதம் என்றாலே சுமார் 900 பவுண்டு. ஹிட்ச்சின் சொந்த எடை ஏறக்குறைய 100. இப்போது கூட்டினால் 900, 100, 500, 200. மொத்தம் 1,700! வரம்பைவிட 200 பவுண்டு அதிகம். ஸ்பிரிங் கம்பிகள் கொஞ்சம் எடையை டிரெய்லர் அச்சுகளுக்குத் திருப்பி அனுப்பினாலும், பற்றாக்குறை முழுதாகத் தீராது. ஊரிலிருந்து வந்த பாட்டி ஐந்தாவது ஆளாக ஏறினால் கணக்கு இன்னும் இடிக்கும்.

கவனிக்க வேண்டியது: '11,000 பவுண்டு இழுக்கும்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட அதே டிரக், 7,000 பவுண்டு டிரெய்லரிலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறது. எஞ்சின் இழுத்துவிடும்தான். தாங்க வேண்டியது அச்சும் டயரும் ஸ்பிரிங்கும்.

ஹிட்ச்சில் எத்தனை வகை?

எடையைப் பகிர்வதில் எல்லா வகையும் ஏறக்குறைய ஒரே தத்துவம்தான். ஆட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

முதல் வகை: ஸ்பிரிங் கம்பிகளைச் சங்கிலியில் மாட்டும் சாதாரண ஹிட்ச். ஆட்டத்தைத் தடுக்கத் தனியாக ஓர் உராய்வுக் கம்பி சேர்த்துக்கொள்ள வேண்டும். விலை சில நூறு டாலர். சிறிய டிரெய்லருக்குப் போதும். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும் முன் அந்த உராய்வுக் கம்பியைக் கழற்ற வேண்டியிருக்கும். மறந்தால் வளைந்துபோகும்.

இரண்டாவது வகை: ஆட்டத் தடுப்பும் சேர்ந்தே வருபவை. ஈக்வலைசர், புளூ ஆக்ஸ் ஸ்வேபுரோ, ரீஸ் டூயல் கேம் போன்றவை இந்த ரகம். உதாரணமாக, ஈக்வலைசரில் கம்பிகள் சங்கிலியில் தொங்காமல் இரும்புத் தாங்கியின் மேல் உரசியபடி உட்காரும். அந்த உராய்வுதான் ஆட்டத்தை அடக்குகிறது. திருப்பத்தில் கிறீச் என்று சத்தம் வரும், அது பழகிவிடும். நடுத்தர அளவு டிரெய்லர் வைத்திருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த ரகமே போதுமானது.

மூன்றாவது வகை: ஹென்ஸ்லி ஆரோ, புரோபிரைட் போன்றவை. இவற்றில் உள்ள இணைப்புத் தண்டுகள், டிரெய்லர் திரும்பும் மையப்புள்ளியை டிரக்கின் பின் அச்சை நோக்கி முன்னால் நகர்த்துவதுபோலச் செயல்படும். ஆட்டம் தொடங்குவதற்கே இடம் கொடுக்காது. விலை ஆயிரக்கணக்கான டாலர். ஹிட்ச்சின் எடையும் அதிகம். அதுவும் பேலோடு கணக்கில்தான் விழும்.

எந்த வகை ஆனாலும், கம்பிகளின் தாங்கு திறன் சரியாக இருப்பது பிராண்டைவிட முக்கியம். பெட்டியில் 1,000, 10,000 என இரண்டு எண்கள் போட்டிருந்தால், முதலாவது தாங்கும் முன்பாரம்; இரண்டாவது டிரெய்லரின் மொத்த எடை. மேலே பார்த்த உதாரணத்தில் விளம்பரத்தின் 650-ஐ நம்பியவர் 800 பவுண்டு கம்பி வாங்கியிருப்பார். உண்மையான 900-க்கு அது போதாது. சரி, எதற்கு வம்பு என்று ஆகப் பெரிய கம்பியாக வாங்கிவிடலாமா? தேவைக்கு மேல் விறைப்பான கம்பி வளைந்து கொடுக்காது. ஒவ்வொரு குழியின் அடியையும் டிரெய்லர் சட்டத்துக்கு அப்படியே அனுப்பும். செருப்பு மாதிரிதான், அளவாக இருக்க வேண்டும்.

வாங்கும் முன் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, டிரக்கின் அடியில் ஹிட்ச் செருகும் 'ரிசீவர்'. அதில் உள்ள ஸ்டிக்கரில் இந்த ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். பல டிரக்குகளில் முதல் வரம்பு, டிரெய்லர் எடை 5,000 பவுண்டு, முன்பாரம் 500 பவுண்டோடு நின்றுவிடும். இன்னொன்று, வண்டியோடு வந்த கையேடு. சில எஸ்யூவிகளில் இந்த வகை ஹிட்ச்சே கூடாது என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அந்த வண்டிகளில் மாட்டினால் உடல் சட்டத்துக்கே சேதம்.

எடை மேடையில் மூன்று சீட்டு

உண்மையான எடையைத் தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. அமெரிக்கா, கனடா நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் எடை மேடைகள் உண்டு. 1977-ல் தொடங்கிய கேட் ஸ்கேல் நிறுவனத்துக்கு மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மேடைகள் இருக்கின்றன. லாரிக்காரர்கள் மட்டுமல்ல, யாரும் போகலாம். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் சீட்டு கிடைக்கும். ஒரு குடும்பத்தின் ஒருவேளை டிபன் செலவைவிட இது குறைவு.

டிரெய்லர் வாங்கியவர் ஊருக்குப் போவதுபோலவே சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு மூன்று முறை எடை போட வேண்டும்.

1. டிரக் மட்டும், டிரெய்லர் இல்லாமல்.

2. டிரெய்லரை மாட்டி, ஸ்பிரிங் கம்பிகளை மாட்டாமல்.

3. ஸ்பிரிங் கம்பிகளையும் மாட்டி.

முதல் சீட்டுக்கும் இரண்டாவது சீட்டுக்கும் டிரக்கின் மொத்த எடையில் உள்ள வித்தியாசம்தான் உண்மையான முன்பாரம். கம்பியின் அளவை முடிவு செய்ய வேண்டிய எண் இது. ஹிட்ச் வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளலாம். சாமான் ஏற்றிய டிரெய்லரின் முன்முனையை நிறுத்திய இடத்திலேயே அளக்கும் சிறிய தராசும் கடைகளில் கிடைக்கிறது.

மூன்றாவது சீட்டு, மாட்டிய ஹிட்ச் வேலை செய்கிறதா என்று காட்டும். முன் அச்சில் இழந்த 375 பவுண்டில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்க்க வேண்டும். முழுதாகத் திரும்பினால்தான் நல்லது என்று நினைப்பது பழைய பழக்கம். பின் அச்சில் இருந்து அளவுக்கு மீறி எடையை எடுத்துவிட்டால், திருப்பத்தில் டிரக்கின் பின்பக்கம் வழுக்கும். அதனால்தான் பாதி அளவு திரும்பினால் போதும் என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வண்டிக்கு வண்டி இது மாறும். கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை.

'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே?'

இந்தப் பேச்சு நிச்சயம் வரும். 'பத்து வருஷமா இழுக்கறேன், எடை மேடைப் பக்கமே போனதில்லை' என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வெயில் நாளில், நேரான சாலையில், காற்று இல்லாதபோது எல்லா ஹிட்ச்சும் நல்ல ஹிட்ச்தான். சோதனை வருவது இறக்கத்தில், மழையில், முன்னால் போன கார் சட்டென்று நின்றபோது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை கணக்கும்.

'டிரக்கிலேயே ஆட்டத்தைத் தடுக்கும் எலெக்ட்ரானிக் வசதி இருக்கே' என்பது அடுத்த வாதம். நல்ல வசதிதான். ஆனால் அது ஆட்டம் தொடங்கிய பிறகு பிரேக் போட்டு அடக்கப் பார்க்கும். தப்பாக ஏற்றிய பாரத்தை அதனால் திருத்த முடியாது. விலை உயர்ந்த ஹிட்ச்சுக்கும் இதே பதில்தான். பின்பாரம் அதிகமாக ஏற்றிய டிரெய்லருக்கு, ஆயிரக்கணக்கில் செலவழித்த ஹிட்ச் காய்ச்சலை மறைக்கும் மாத்திரை மட்டுமே.

எல்லாம் செய்தும் ஆட்டம் வந்துவிட்டால்? டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் கட்டுப்பாட்டை மெதுவாகப் பயன்படுத்த வேண்டும். டிரெய்லர் பின்னால் இருந்து இழுத்துப் பிடிக்க, ஆட்டம் அடங்கும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை வண்டி நிற்கும்போதே கையால் தொட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

சாவியோடு சேர்த்து எடைச் சீட்டும் வேண்டும்

பழியை முழுதாக வாங்குபவர் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,000 பவுண்டு டிரெய்லரை எந்தப் பயிற்சியும் இல்லாமல் அன்றே இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறலாம். ஐரோப்பிய யூனியனில் இதே ஜோடியை ஓட்டத் தனியாக ஒரு தேர்வில் ஓட்டிக் காட்டி, 'பிஇ' வகை லைசென்ஸ் வாங்க வேண்டும். பிரிட்டன் அந்தத் தனித் தேர்வை 2021 டிசம்பரில் கைவிட்டுவிட்டது. தேர்வு வைப்பது ஒன்றே வழி என்று சொல்ல முடியாது. ஆனால் தேர்வும் இல்லை, எடையும் பார்ப்பதில்லை என்றால், மிச்சம் இருப்பது விற்பவரின் வாய்வார்த்தை மட்டும்தான்.

அந்த விற்பவருக்கு உண்மையான எடையைச் சொல்வதில் லாபம் இல்லை. 'உங்க டிரக்குக்கு இந்த டிரெய்லர் பெரிசு' என்று சொன்னால் வியாபாரம் போய்விடும். ஹிட்ச்சைச் சேர்த்து விற்றுவிட்டால் இரண்டு லாபம். விளம்பரத்தில் இருக்கும் காலி எடையை வைத்தே கம்பியைத் தேர்வு செய்து, மாட்டிக் கொடுத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது.

எனவே மாற வேண்டியது இதுதான். டிரெய்லரை ஒப்படைக்கும் நாளில், அந்த டிரக்கோடு சேர்த்து எடை போட்ட சீட்டையும் சாவியோடு கொடுப்பது விற்பவரின் கடமையாக்கப்பட வேண்டும். விளம்பரத்தில் இழுக்கும் திறனை எவ்வளவு பெரிதாகப் போடுகிறார்களோ, அதே அளவில் பேலோடையும் போட வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 'எடைச் சீட்டு காட்டினால்தான் கையெழுத்து' என்று வாங்குபவரே நிபந்தனை போடலாம். முன்பணம் கொடுக்கும் முன்பு வரை அவர் கைதான் ஓங்கியிருக்கும்.

கணக்கு இடித்தால் என்ன செய்வது? பெரிய ஹிட்ச் தேட வேண்டாம். தண்ணீரைப் போகும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். சாமானைக் குறைக்கலாம். கனமானவற்றை டிரெய்லரின் அச்சுக்கு மேலும், அதற்குச் சற்று முன்னாலும் வைக்கலாம். அப்படியும் சரிவரவில்லை என்றால் சிறிய டிரெய்லர், இல்லாவிட்டால் பெரிய டிரக். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வரும்போது, டிரக்கும் டிரெய்லரும் ஒரே கோட்டில் போவதைவிடப் பெரிய வசதி வேறு எதுவும் கிடையாது.